எங்கே தலையாட்டுவது? சின்ன ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு ஹைடன் சிம்பொனி கேட்க

2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறிய வாரம் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்கிறவர். "ஏம்மா, நீ வியன்னாவுலதானே இருக்க. இந்த சிம்பொனியில எங்க தலையாட்டணும், எங்க கை தட்டணும்? சும்மா உட்கார்ந்திருந்தா தூக்கம்னா வருது" என்றார்.

சிரித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. பத்து வருடத்துக்கு முன்பு அதற்கு விடை தெரியாமல் ஒரு தேவாலயம் நிறைய ஆட்களுக்கு நடுவில் என் மானம் போயிருக்கிறது. அந்தக் கதை பின்னால் வரும். எனக்கு இசையில் உள்ள தகுதி ஆறு வருட வீணை வகுப்பு, அதுவும் வர்ணத்தோடு நின்றுபோனது. மேற்கத்திய இசையை முறையாகப் படித்ததே இல்லை. கச்சேரி கேட்டுப் பழகிய காதோடு இங்கே வந்து, தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் விஷயம், பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் தொடங்காதீர்கள். தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது புதுக் காதுக்குக் கேட்பது ஒரு பெரிய இரைச்சல்தான், பிரமாதமான இரைச்சலாகவே இருந்தாலும். இருபது பேர் வாசிக்கிற சிம்பொனியில் தொடங்குங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தால் காது பின்னாலேயே வந்துவிடும்.

என்னைக் கேட்டால் ஜோசப் ஹைடனின் 45ஆவது சிம்பொனி. "பிரியாவிடை" என்ற பட்டப்பெயர் அதற்கு உண்டு. மொத்தம் ஏறக்குறைய 25 நிமிடம், நம் கச்சேரியில் ஒரு ராகம் விஸ்தாரமாகப் பாடும் நேரம்தான். தந்தி வாத்தியங்கள் (வயலின், அதைவிடப் பெரிய வியோலா, செல்லோ, டபுள் பாஸ்), இரண்டு ஓபோ, ஒரு பஸ்ஸூன் (இரண்டும் மரக்குழல் வகை), இரண்டு ஹார்ன் (பித்தளைக் கொம்பு), அவ்வளவே. மிருதங்கம் மாதிரி தாளம் பிடித்துக் கொடுக்கத் தனி ஆள் கிடையாது.

கதை தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. ஹைடன் 1761இல் எஸ்டர்ஹாஸி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நிக்கோலஸ் பிரபு சதுப்பு நிலத்தில் ஒரு பிரமாண்டமான அரண்மனை கட்டினார், பெயர் எஸ்டர்ஹாஸா. இன்றைக்கு ஹங்கேரியில் ஃபெர்டோட் என்ற ஊரில் இருக்கிறது. வருடத்தில் பல மாதம் பிரபு அங்கேதான். அவர் அங்கே இருந்தால் வாத்தியக்காரர்களும் அங்கே. ஆனால் பெரும்பாலோரின் மனைவி மக்கள் ஒரு நாள் பயணத் தூரத்தில், ஐசன்ஸ்டாட்டில். 1772இல் பிரபு கிளம்புவதாகவே தெரியவில்லை. ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். அவரும் ஊழியர்தான், பிரபுவிடம் போய் "எங்களை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கேட்க முடியுமா? சிம்பொனியாக எழுதினார். கடைசிப் பகுதியில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராகத் தன் பாகத்தை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாளே பிரபு ஊருக்குக் கிளம்ப உத்தரவிட்டாராம். ஹைடன் முதுமையில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்தவர்களிடம் சொன்ன கதை இது.

(இந்தப் பிரபு லேசுப்பட்டவர் இல்லை. பாரிடோன் என்று ஒரு விசித்திரத் தந்தி வாத்தியம் வாசிப்பார். அவர் வாசிப்பதற்கென்றே ஹைடன் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு உருப்படிகள் எழுத வேண்டியிருந்தது. இன்று அந்த வாத்தியத்தைப் பார்ப்பதே அபூர்வம்.)

சரி, கேட்பதற்கு வருவோம். நம் காதுக்குச் சிம்பொனி ஏன் ஒட்டுவதில்லை? தம்புரா இல்லாததுதான் காரணம் என்பது என் எண்ணம். நமக்கு ஸட்ஜம், அதாவது ஆதார சுரமான 'ஸ', அசையாது. பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் பின்னால் தம்புரா வீட்டு விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். சிம்பொனியில் ஸட்ஜமே இடம் மாறும். கிரக பேதம் என்று நம்மிடம் இருப்பது நினைவிருக்கிறதா? ஒரு வித்வான் ஒன்றிரண்டு நிமிடம் செய்து காட்டிவிட்டுத் திரும்பி வருவார், சபை ஆரவாரிக்கும். அப்போதும் தம்புரா நகர்ந்திருக்காது. இங்கே எல்லோரும் மூட்டை முடிச்சோடு அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விடுவார்கள். பழைய வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் காதுக்கு ஒன்றும் புரியாது. "எங்க தலையாட்டணும்" என்ற கேள்விக்கு என் பதில்: வீடு மாறும் இடத்திலும், திரும்பி வரும் இடத்திலும்.

இதைப் பழக நானே கண்டுபிடித்த ஒரு வழி இருக்கிறது. அரங்கத்துக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டில் செய்யுங்கள். போனில் தம்புரா ஆப் இருக்குமே, அதில் நாலரைக் கட்டை வையுங்கள், பஞ்சமத்தோடு. இந்தச் சிம்பொனியின் சுருதி எஃப் ஷார்ப், நம் கணக்கில் நாலரைக் கட்டை. தம்புராவைச் சன்னமாக ஓடவிட்டு, முதல் பகுதியைப் போடுங்கள். ஆரம்பம் ஒட்டும். கொஞ்ச நேரத்தில் உரச ஆரம்பிக்கும். ஒரு நொடி உரசி உடனே சரியாவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறுவது. உரசல் அப்படியே நின்றால் வீடு மாறிவிட்டது என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒட்டும் நிமிடத்தையும். சில இடத்தில் உரசல் லேசாக இருக்கும், சில இடத்தில் பல் கூசும். இரண்டு மூன்று தடவை இப்படிக் கேட்டபின் தம்புராவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அது ஓடாமலேயே காது குறித்துக்கொள்வது தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பழைய கால வாத்தியங்களில் வாசிக்கும் குழுக்கள் இன்றைய சுருதிக்குச் சற்றுக் கீழே, சில சமயம் அரைச் சுரம் வரைகூட, இறக்கி வைப்பார்கள். அந்த ஒலிப்பதிவைப் போட்டால் முதல் நொடியிலிருந்தே தம்புரா ஒட்டாது. ஆப்பில் சுருதியை நுணுக்கமாக இறக்கும் வசதி இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் வேறு ஒலிப்பதிவு தேடுங்கள். இது தெரியாமல் முதல் தடவை நான் ஒரு மாலைப் பொழுதை வீணடித்தேன்.

நாலரைக் கட்டை அந்தக் காலத்துச் சிம்பொனிக்கு மிக அபூர்வமான சுருதி. அப்போதைய ஹார்னுக்கு வால்வு கிடையாது, வேறு வேறு நீளக் குழாய்த் துண்டுகளைச் செருகித்தான் சுருதியை மாற்ற வேண்டும். இந்தச் சுருதிக்குத் தோதான துண்டு அரண்மனையில் இல்லை. அரைச் சுரம் மாற்றும் துண்டுகளைப் புதிதாகச் செய்து வாங்கினார்கள். ஊருக்கு அனுப்பாத முதலாளியின் காசிலேயே ஊருக்கு அனுப்பச் சொல்லும் மனு!

அரங்கத்தில் எங்கே உட்காருவது? முதல் வரிசை வேண்டாம். வயலின்காரர்களின் முழங்கையைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கவாட்டு மாடம் இருந்தால் அதுதான் சொர்க்கம். பின்னால் இருக்கும் ஓபோவும் ஹார்னும் நன்றாகத் தெரியும். உட்கார்ந்ததும் ஆட்களை எண்ணுங்கள். இந்தச் சிம்பொனிக்கு எண்ணிக்கை முக்கியம். ஓவர்கோட்டைக் கழற்றி வாசலில் கொடுத்துவிடுங்கள், மடியில் வைத்தால் சரசரக்கும். இருமல் மிட்டாயின் காகிதத்தை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் தாளம் போடாதீர்கள். நான் முதல் தடவை பழக்க தோஷத்தில் போட்டேன். பக்கத்திலிருந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் ஒரு முறை பார்த்தார். வேண்டுமானால் ஷூவுக்குள் கட்டை விரலால் போடுங்கள், யாருக்கும் தெரியாது.

நான்கு பகுதிகள். நடுவில் கை தட்டும் வழக்கம் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் இருந்தது. 1778இல் மொசார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கை தட்டியதைப் பெருமையாகச் சொல்கிறார். இன்றைக்கு நீங்கள் செய்தால் பெருமை இல்லை, அவ்வளவுதான்.

முதல் பகுதி கோபம். முதல் வயலின்கள் மேலிருந்து படி இறங்குகின்றன, இரண்டாம் வயலின்கள் தாளத்துக்குத் தள்ளித் தள்ளி விழுகின்றன. கீரவாணி, நடபைரவி ஜாடையில் காதில் விழும். முதல் பாதியை அப்படியே இரண்டாம் முறை வாசிக்கலாம். தப்பாகத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அது உங்களுக்குக் கொடுக்கும் இரண்டாவது வாய்ப்பு. பிறகு சண்டை உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று ஓர் அமைதி. ரெண்டு கட்டையில், சங்கராபரணத்தில், இதுவரை கேட்காத ஒரு மெல்லிய மெட்டு. எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது? வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த வீட்டிலிருந்து தாலாட்டு கேட்ட மாதிரி. சற்று நேரத்தில் போய்விடும், கோபம் திரும்பும்.

இரண்டாம் பகுதியில் வயலின்கள் ஊமையடைப்பு (ஒலியைத் தணிக்கும் சிறு கவ்வி) மாட்டிக்கொண்டு வாசிக்கும். அழகுதான், நீளமும்தான். தூக்கம் வருவது இங்கேதான். வந்தால் விடுங்கள்.

மூன்றாம் பகுதியை மட்டும் விடாதீர்கள். மினுயெட் என்ற நடனம். நாலரைக் கட்டைச் சங்கராபரணம், சமர்த்தாக ஆரம்பிக்கும். மூன்றாம் ஆவர்த்தனத்தில் கீழே செல்லோவும் பாஸும் பலமாக ஒரு சுரத்தைப் போடும். அது சுத்த தைவதம், இந்த ராகத்தில் இல்லாத சுரம்! சங்கராபரணத்தில் சுத்த தைவதம் போட்டால் நம் ஊர்ச் சபையில் முன்வரிசை மாமா நிமிர்ந்து உட்காருவார். ஹைடனுக்கும் அதே எண்ணம்தான். மேற்கத்திய இசை படித்தவர்களைவிட நமக்கு இந்தக் குறும்பு வேகமாகப் பிடிபடும் என்று எனக்கு ஒரு கர்வம்.

இப்போது நான்காம் பகுதி, என் மானம் போன இடம். படுவேகமாக, மறுபடி கோபமாக ஓடும். கட்டக் கடைசி மாதிரி எல்லோரும் சேர்ந்து ஓங்கி நிறுத்துவார்கள். நிசப்தம். நான் கை தட்டினேன். நான் மட்டும். நாலு தட்டு. கல் சுவர் தேவாலயம், ஒவ்வொரு தட்டும் திரும்பி வந்து கேட்டது. கண்டக்டர் கையை இறக்கவே இல்லை, பின்னால் திரும்பாமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. அவர்கள் நிறுத்தியது ஸட்ஜத்தில் இல்லை, பஞ்சமத்தில். வீணை கற்ற காது, பஞ்சமத்தில் நின்ற ஒன்றை முடிந்துவிட்டதென்று எப்படி எடுத்துக்கொண்டது? சத்தத்தைக் கேட்டேன், சுரத்தைக் கேட்கவில்லை. எங்கே கை தட்டுவது என்று கேட்டால், ஸட்ஜம் வந்ததா என்று பாருங்கள். அப்படியும் சந்தேகமாக இருந்தால் பக்கத்துப் பாட்டி தட்டும் வரை பொறுங்கள்.

அந்த நிசப்தத்துக்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒரு மெதுவான பகுதி, ஆறு கட்டையில். இங்கே எண்ண ஆரம்பியுங்கள். முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும் ஒரு தனி வாசித்து எழுந்து போவார்கள். பஸ்ஸூன்காரர் தனி எதுவும் இல்லாமலே போவார். அடுத்து இரண்டாம் ஓபோ, முதல் ஹார்ன். பிறகு டபுள் பாஸுக்கு ஒரு நீளமான தனி. அத்தனை பெரிய வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஆளைப் பார்த்து அரங்கம் லேசாகச் சிரிக்கும். அவர் போனதும் சிரிப்பு நின்றுவிடும், ஏனென்றால் இசைக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி ஆகிவிடும். இதற்குள் வீடும் மாறி, நாலரைக் கட்டைக்கே திரும்பிக்கொண்டிருக்கும். செல்லோக்கள் போவார்கள், மற்ற வயலின்கள் போவார்கள், வியோலா போகும். மிச்சம் இரண்டே வயலின், ஊமையடைப்போடு. 1772இல் அந்த இரண்டு பேரில் ஒருவர் தொமாசினி என்ற முதல் வயலின்காரர், இன்னொருவர் ஹைடனே. கோபமாக மைனரில் (அந்தக் கீரவாணி ஜாடை) தொடங்கியது அதே சுருதியில் மேஜராக (சங்கராபரணமாக), காதுக்கு எட்டுமோ எட்டாதோ என்ற அளவில் முடியும்.

இது பிடித்துப்போனால் அடுத்து ஹைடனின் 6, 7, 8 மூன்றும் கேளுங்கள். காலை, பகல், மாலை என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த வருடமே எழுதியவை, ஆளாளுக்குத் தனி கொடுத்திருப்பார். அப்புறம் மொசார்ட் 1774இல் எழுதிய 29ஆவது. அதிலும் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்திகள் மட்டும்தான்.

இத்தனையையும் சித்தப்பாவுக்குப் போனில் சொல்ல முடியாமல் பாதியை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். பத்து நாள் பதிலே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார். தம்புரா வைத்துக் கேட்டாராம். நடுவில் சித்தி சமையலறையிலிருந்து, "அந்த சுருதிய நிறுத்துங்களேன், ஒட்டவே இல்ல, தலை வலிக்குது" என்று சத்தம் போட்டாளாம்.

எத்தனையாவது நிமிடத்தில் என்று கேட்டேன். குறித்து வைத்திருந்தார்.