வயல் எலி பிடிக்கப் போறீங்களா? கிட்டிய எடுக்குறதுக்கு முன்னாடி வரப்ப பாருங்க

மன்னார்குடி பக்கம் 30 வருஷமா வயல்ல எலி பிடிக்கிறேன், 11 வயசுல அப்பா பின்னாடி கிட்டி (வில்லு மாதிரி நாணேத்துற மூங்கில் எலிப்பொறி) கட்ட சுமந்துகிட்டு போனதுல ஆரம்பிச்சது. இப்ப புதுசா விவசாயத்துக்கு வர்ற தம்பிங்க கேக்குற மொத கேள்வியே "அண்ணே ஏக்கருக்கு எத்தன கிட்டி?" தான். அது கடைசில வர்ற கேள்வி தம்பி. எலி எங்க குடியிருக்கு, எந்த வழியா வருதுனு தெரியாம நூறு கிட்டி வச்சாலும் காலைல சும்மா தான் கிடக்கும்.

நான் சொல்றது எலிக்கு மட்டும். முயல், கௌதாரி, உடும்பு, மயில் எதையும் தொடாதீங்க, 1972 வன உயிரினச் சட்டத்துல கேஸ் ஆயிடும், அதோட அதுங்க நமக்கு எலி அளவுக்கு ஒரு கெடுதலும் பண்ணல.

மொதல்ல: வளைல ஆள் இருக்கானு பாருங்க

விடிஞ்சும் விடியாம வரப்புல நடங்க. ராத்திரி தோண்டின மண்ணு ஈரமா, உருண்ட உருண்டையா வாசல்ல குவிஞ்சிருந்தா உள்ள எலி இருக்கு. வாசல்ல சிலந்தி வலை கட்டியிருந்தா, மண்ணு காஞ்சு வெடிச்சிருந்தா அது காலி வளை. சந்தேகமா இருந்தா சாயங்காலம் எல்லா வாசலையும் சேறு வச்சு அடைச்சுட்டு வந்துடுங்க, காலைல எது தொறந்திருக்கோ அதுல தான் வேலை.

அப்புறம் வயலுக்குள்ள இறங்கிப் பாருங்க. இங்க தான் நெறைய பேரு ஏமாந்துடுறாங்க, ஏன்னா எலி வரப்போரத்த விட்டுட்டு நடு வயல்ல தான் வெட்டும், ரோட்லேருந்து பாத்தா பயிர் பச்சப்பசேல்னு நிக்கும் உள்ள போனா வட்டமா மொட்டையா கிடக்கும். வெட்டுன தூரை கைல எடுத்துப் பாருங்க, கத்தியால சாய்ச்சு சீவுன மாதிரி இருக்கும், துண்டு அங்கயே கிடக்கும். குருத்து காஞ்சு, புடிச்சு இழுத்தா கையோட வந்துச்சுன்னா அது குருத்துப்பூச்சி, எலி மேல பழி போடாதீங்க.

அடுத்து: வளை வெட்டுறது

இதுக்கு நல்ல நேரம் அறுப்பு முடிஞ்சதும், இல்ல நடவுக்கு முன்னாடி. ஒரு வளைக்கு மூணு நாலு வாசல் இருக்கும், அதுல ஒண்ணு எலி தப்பிச்சு ஓடுறதுக்கு வச்சிருக்குற வாசல், மேல லேசா மண்ணு மூடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாது, சுத்தி காலால அழுத்திகிட்டே வந்தா ஒரு இடத்துல பொதுக்குனு உள்ள போகும். அத மொதல்ல அடைக்கணும். அத விட்டுட்டு மண்வெட்டிய போட்டீங்கன்னா நீங்க இந்தப் பக்கம் வெட்ட வெட்ட அது அந்தப் பக்கம் அடுத்த வயலுக்குப் போயிருக்கும்.

உள்ள குட்டி இருந்தா அன்னிக்கே முடிச்சுடுங்க, பாவம் பாத்து விட்டா மூணு மாசத்துல அதுங்களே குட்டி போட ஆரம்பிச்சுடும். வளைக்குள்ள சேத்து வச்ச கதிர் நெறைய கிடைக்கும், அந்தக் காலத்துல எங்க அப்பாயி அத கழுவி காய வச்சு குத்துவாங்க. இப்ப வேண்டாம், பக்கத்து வயல்ல என்ன மருந்து வச்சாங்கனு நமக்குத் தெரியாது.

எலி போன வளைல பாம்பு வரும். கையை உள்ள விடவே விடாதீங்க. எங்க சித்தப்பா அவசரத்துல கைய விட்டாரு, உள்ள கண்ணாடி விரியன். யாரோ கயிறு கட்டுங்கனு சொல்லி இறுக்கிக் கட்டி, நாட்டு வைத்தியருகிட்ட கூட்டிட்டுப் போயி ரெண்டு மணி நேரம் வீணாப்போச்சு, உசுரு பொழச்சது ஆனா ஒரு விரல் போச்சு. கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, கைய கால ஆட்டாம நேரா அரசு ஆஸ்பத்திரி. அங்க போடுற விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்குறதுல பெரும் பங்கு சென்னை பக்கம் 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தோடது. நம்மள மாதிரி எலி பிடிக்கிற ஜனங்க தான் அவங்களும்.

இப்ப கிட்டி

பயிர் நின்னா வெட்ட முடியாது, அப்ப தான் மூங்கில் கிட்டி. வறுத்த அரிசியோ பொரியோ போதும், வயல் நண்டு கிடைச்சா இடிச்சுச் சேருங்க, அந்த வாசனைக்கு வரும். மொத ரெண்டு நாள் இரைய மட்டும் வைங்க, கிட்டிய நாணேத்தாதீங்க. தின்னு பழகட்டும். மூணாம் நாள் சாயங்காலம் அதே இடத்துல நாணேத்தி, எலி நடந்து நடந்து பயிர் ரெண்டா பிரிஞ்சு கிடக்குற தடத்துல ஊணுங்க. நான் ஏக்கருக்கு 25 வைப்பேன். பௌர்ணமி வெளிச்சத்துல எலி அவ்வளவா வெளிய வராது, அமாவாசைய ஒட்டி வச்சா நெறைய விழும்.

விடியறதுக்குள்ள போயி எடுத்துடணும், இல்லன்னா காக்காயும் நாயும் கிட்டியோட இழுத்துட்டுப் போயிடும். வெறும் கையால தொடாதீங்க, கைல கால்ல புண்ணு இருந்தா சேத்துல இறங்கவே வேண்டாம், எலி மூத்திரம் கலந்த தண்ணியால தான் எலிக்காய்ச்சல் வருது. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்பு வந்தா டாக்டர்கிட்ட "நான் எலி பிடிக்கிறவன்"னு சொல்லுங்க, அத சொன்னா தான் அவருக்கு சட்டுனு புரியும்.

ரெண்டு விஷயம் செய்யவே செய்யாதீங்க

கரண்டு கம்பி. எலிக்கு வச்ச கம்பில தண்ணி பாய்ச்சப் போன மனுசன் செத்ததுக்கு நான் மாலை போட்டுட்டு வந்திருக்கேன். எந்த எலிக்கும் அந்த விலை கிடையாது.

இன்னொண்ணு விஷம். கொஞ்சமா தின்னு பொழச்ச எலி அத திரும்ப மோந்துகூட பாக்காது, ஆனா விஷம் தின்ன எலிய புடிச்சுத் தின்னா கூகையும் செத்துப் போகலாம். ராத்திரி பூரா நமக்காக வேட்டையாடுற பறவை அது. அது உக்கார தென்னமட்டைய தலைகீழா அங்கங்க நட்டு வைங்க, கதிர் முத்தினதும் புடுங்கிடுங்க, இல்லன்னா பகல்ல நெல்லு திங்குற குருவி வந்து உக்காரும்.

கிட்டி வைக்கிற வாரம் பக்கத்து வயக்காரங்களையும் கூப்பிட்டு ஒரே நாள்ல ஆரம்பிங்க, நீங்க மட்டும் வச்சா அங்கேருந்து இங்க வந்துகிட்டே தான் இருக்கும். நாணேத்தின கிட்டிய மூணு ராத்திரி விடாம வைங்க, அதுக்கு அடுத்த நாள் மறுபடி வாசல எல்லாம் அடைச்சுட்டு வந்து காலைல எத்தன தொறந்திருக்குனு எண்ணுங்க.