எண் விடைக்குப் பிழை வரம்பு குறிப்பது எப்படி: ஒரு தனி ஊசல் கணக்கை முன்வைத்து

எண்ணாக வரும் விடைகளைக் கணினியைக் கொண்டு திருத்த முற்படும் ஆசிரியர்களில் பலர், ஐந்து விழுக்காடு வரை விலகினால் சரி என்று பொத்தாம்பொதுவாக வைத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. சரியான வழியில் கணக்கிட்டவர்களின் விடைகள் எவ்வளவு தூரம் சிதறக்கூடும், தவறான வழியில் சென்றவர்களின் விடை எவ்வளவு அருகில் வந்து விழக்கூடும் என்ற இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்து, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியில்தான் வரம்பை வைக்க வேண்டும்.

பதினோராம் வகுப்புத் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளம் 98.8 செ.மீ., குண்டின் ஆரம் 1.2 செ.மீ., 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 40.4 வினாடி, புவியீர்ப்பு முடுக்கம் என்ன என்பது வினா. நூலின் நீளத்தோடு குண்டின் ஆரத்தைக் கூட்டினால் ஊசலின் நீளம் 1 மீட்டர், ஓர் அலைவுக்கான நேரம், அதாவது அலைவு நேரம், 2.02 வினாடி. நான்கு பை வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி, அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.675 மீ/வி² கிடைக்கும். பை மதிப்பை 3.14 என்று கொண்டவருக்கு 9.665 வரும், 22/7 என்று கொண்டவருக்கு 9.683 வரும், அலைவு நேர வர்க்கத்தை 4.1 என்று முழுமையாக்கியவருக்கு 9.629 வரும். இவர்கள் மூவருமே இயற்பியலைச் சரியாகச் செய்தவர்கள்.

இப்போது தவறான வழிகள். குண்டின் ஆரத்தைக் கூட்ட மறந்தவருக்கு 9.559, ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தைக் கூட்டியவருக்கு 9.791, எதையுமே கணக்கிடாமல் மனப்பாடமாக எழுதியவருக்கு 9.8. ஆகவே 0.05 என்ற வரம்பு சரியானவர்கள் மூவரையும் உள்ளே விட்டு, மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. ஐந்து விழுக்காடு என்று வைத்திருந்தால் எல்லை 9.19 முதல் 10.16 வரை நீண்டு, 10 என்று குத்துமதிப்பாக எழுதியவருக்கும் முழு மதிப்பெண் போயிருக்கும். திறவுகோல் விடையை 9.68 என்று முழுமையாக்கி உள்ளிடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் 9.629 எழுதியவர் மயிரிழையில் வெளியேறிவிடுவார்.

தரவையே மாற்ற வேண்டிய கட்டாயமும் சில நேரம் வரும். இதே வினாவில் நான் முதலில் 40.1 வினாடி என்று கொடுத்திருந்தேன், விடை 9.82 ஆனது. மனப்பாட விடையான 9.8 அதிலிருந்து 0.02 மட்டுமே தள்ளி நின்றதால், எந்த நியாயமான வரம்பாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. நேரத்தை 40.4 ஆக்கிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இணையவழித் தேர்வு நடத்த உதவும் மூடுல் (Moodle) என்ற கற்றல் மென்பொருளில் இதை அமைக்க எண் வினா வகையைத் தேர்ந்தெடுத்து, விடையில் 9.675 என்றும் பிழையில் 0.05 என்றும் உள்ளிட வேண்டும். அந்தப் பிழைக் கட்டம் விழுக்காட்டை எதிர்பார்ப்பதில்லை, தனிப்பிழையையே, அதாவது விடையின் அலகிலேயே எவ்வளவு விலகலாம் என்ற எண்ணையே, எதிர்பார்க்கிறது. இது தெரியாமல் ஒருமுறை நான் அங்கே 5 என்று இட்டுவிட, 12 எழுதிய மாணவருக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது. அவர் வந்து காரணம் கேட்டபோதுதான் விழித்தேன். பாதி மதிப்பெண் கொடுக்க விரும்பினால் வரம்பை அகலமாக்க வேண்டாம். 9.559 என்பதைத் தனி விடையாக, 0.03 என்ற சிறு பிழையோடும் 50 விழுக்காடு மதிப்பெண்ணோடும் சேர்த்து, குண்டின் ஆரத்தைக் கூட்டினீர்களா என்று பின்னூட்டம் எழுதிவிடலாம். மூடுல் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் விடையை எடுத்துக்கொள்வதால் முழு மதிப்பெண் விடை முதலில் இருக்கட்டும்.

விரிதாளில் திருத்துபவர்கள், மாணவர் விடைக்கும் திறவுகோலுக்கும் உள்ள வேறுபாட்டின் மட்டு மதிப்பு (கூட்டல், கழித்தல் குறியை நீக்கிய அளவு) வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரு சூத்திரத்தில் கேட்டாலே போதும். ஆனால் வெற்றுக் கட்டத்தை விரிதாள் பூச்சியமாகக் கொள்ளும் என்பதால், விடை பூச்சியத்துக்கு அருகில் இருக்கும் வினாக்களில் எதுவும் எழுதாதவருக்கும் மதிப்பெண் விழும். கட்டத்தில் எண் இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். எலக்ட்ரானின் மின்னூட்டம் போல 10-இன் அடுக்கு -19 வரை போகும் விடைகளுக்குத் தனிப்பிழை உதவாது: 0.01 என்று வைத்தால் பூச்சியமும் சரியாகிவிடும். அங்கே ஒப்பீட்டுப் பிழையை, அதாவது வேறுபாட்டைத் திறவுகோல் விடையால் வகுத்து வரும் அளவை, கொள்ள வேண்டும். திறவுகோல் விடையே பூச்சியமானால் அதுவும் பயன்படாது.

எல்லையில் நிற்கும் விடைகளையும் கவனிக்க வேண்டும். கணினி பின்னங்களை இரும எண்ணாக வைத்திருப்பதால், 9.8-இலிருந்து 9.7-ஐக் கழித்தால் 0.1-ஐவிட அணுவளவு கூடுதலாக வருகிறது, வரம்பு 0.1 என்றிருந்தால் 9.7 எழுதியவர் தோற்றுப்போவார். வரம்போடு 0.000001 சேர்த்துவிடுவது எளிய மருந்து.

தேர்வைத் திறப்பதற்கு முன் மேலே கண்ட சரி, தவறு விடைகள் அத்தனையையும் நீங்களே ஒருமுறை உள்ளிட்டுப் பாருங்கள். தேர்வு முடிந்ததும் எல்லைக்குச் சற்று வெளியே விழுந்த விடைகளை மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் எண்ணிப் பாராத, ஆனால் நியாயமான ஒரு முழுமையாக்கல் அங்கே அடிக்கடி அகப்படும். அப்படி அகப்பட்டால் வினாவில் வரம்பைத் திருத்தி மறுமதிப்பீடு கொடுத்தால், ஏற்கெனவே எழுதி முடித்தவர்களின் மதிப்பெண்களையும் மூடுல் புதிதாகக் கணக்கிட்டுவிடும்.