அர்த்தம் கொடுக்கப் போகாதீர்கள்: இருத்தலியல் தெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் செஷன்களைப் பற்றி மூத்த தெரபிஸ்டிடம் கலந்து பேசும் சூப்பர்விஷனுக்காக என்னிடம் வந்த பயிற்சி தெரபிஸ்ட் ஒருவர், கிளையன்ட்டின் அனுமதியோடு பதிவு செய்த செஷனைப் போட்டுக் காட்டினார். "அப்பா போனதிலிருந்து காலையில் எதற்காக எழுந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை" என்கிறது ஒரு குரல். மூன்று விநாடிகூட ஆகவில்லை, "அப்பா உங்களிடம் விட்டுப்போன நல்ல விஷயங்களை யோசித்துப் பார்க்கலாமா?" என்று இவர் ஆரம்பித்துவிட்டார். பதிவை நிறுத்தச் சொன்னேன். பாவம், அவர்மேல் என்ன கோபம்? அச்சு அசல் என் பழைய குரல் அது.

போனைப் பார்க்காதே, ரகசியம் காப்பாற்று, நேரத்துக்கு முடி என்பதெல்லாம் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அர்த்தத்தைக் கையில் திணிப்பது

மரணம், சுதந்திரம், தனிமை, அர்த்தமின்மை. மனிதன் தப்பிக்க முடியாதவை என்று அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம் 1980-இல் வகுத்துச் சொன்ன நான்கு இவை. இவற்றோடு மனிதன் படும் போராட்டத்தைப் பேசுவதுதான் இருத்தலியல் தெரபி. முதல் மூன்றைக் கண்டு தயங்குகிற புதியவர், நான்காவதைக் கண்டதும் உற்சாகமாகிவிடுகிறார். அதற்கு மட்டும் கைவசம் மருந்து இருப்பதுபோல ஒரு நினைப்பு. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டு வந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலே துன்பத்திலும் அர்த்தம் காணலாம் என்று சொல்லிவிட்டார், அப்புறம் என்ன, எதிரே அழுகிறவருக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானே!

நானும் கொடுத்தேன். விபத்தில் மகனை இழந்த ஓர் அம்மா. மூன்றாவது செஷன். பையன் நினைவாக, படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே என்றேன். சொல்லும்போதே எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அவர் கையிலிருந்த டிஷ்யூவை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார், மேசைமேல் வைத்தார். "நல்ல யோசனை சார்" என்றார். மறுவாரம் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

சில மாதம் கழித்து கேஸை மூடுவதற்காக நோட்டை எடுத்தபோதுதான் கவனித்தேன். 'மகன், 19, விபத்து, இரண்டு மாதம்' என்று எழுதியிருந்தேன். பையனின் பெயர் எங்கேயும் இல்லை. ஐம்பது நிமிடம் வீதம் மூன்று செஷன், இரண்டரை மணி நேரம், நான் கேட்கவே இல்லை. பெயர்கூடத் தெரியாத ஒருவனின் சாவுக்கு அர்த்தம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஃபிராங்கலை ஒழுங்காகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. மனைவியை இழந்து இரண்டு வருடமாகியும் மீள முடியாத ஒரு வயதான மருத்துவர் அவரிடம் வருகிறார். "நீங்கள் முதலில் போயிருந்தால் அவர் என்ன பட்டிருப்பார்?" என்று கேட்கிறார் ஃபிராங்கல். ஐயோ, அவளுக்கு அது பெரிய கொடுமையாக இருந்திருக்குமே என்கிறார் மருத்துவர். அந்தத் துன்பத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது நீங்கள்தான், அதற்கான விலையைத்தான் இப்போது கொடுக்கிறீர்கள் என்று அதற்குப் பிறகே ஃபிராங்கல் சொல்கிறார். பதில் அந்த மனிதரின் வாயிலிருந்துதான் வந்தது. இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்வது கடைசி வரியை மட்டும்.

ஏன் இந்த அவசரம்? அழுகையை நம்மால் தாங்க முடிவதில்லை. நம் தவிப்பை அடக்கிக்கொள்ள ஒரு யோசனை சொல்கிறோம், அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். "எதற்காக எழுந்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், இன்றைக்குக் காலை எப்படி எழுந்தார் என்று கேட்டுப் பாருங்கள். இறந்தவரின் பெயரைக் கேளுங்கள், அந்தப் பெயரையே சொல்லிப் பேசுங்கள். அர்த்தம் வருகிறபோது வரட்டும். வராமலே போனாலும் நீங்கள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று அட்டவணை போடுகிறவர்களும் இதே ரகம்தான். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிய பிறகு. உறவை இழந்தவர்களுக்காக வகுத்தது அல்ல.

"வாழ்ந்து என்ன ஆகப்போகிறது" என்றால் தத்துவம் பேசுவது

இந்தத் தவறுக்கு உயிரே விலையாகலாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. திட்டம் இருக்கிறதா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அன்றைய செஷன் அதற்குத்தான். மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டியிருந்தால் அன்றைக்கே பேசுங்கள்.

இன்னொன்று, படபடப்பு எல்லாமே மரண பயம் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை.

சுதந்திரம் பற்றிப் பாடம் எடுப்பது

வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "அங்கேயே இருப்பது என்பதும் உங்கள் தேர்வுதான்" என்று சொன்ன பயிற்சி தெரபிஸ்ட் ஒருவரை எனக்குத் தெரியும். கையில் காசில்லை, போக இடமில்லை, வெளியேறுகிற நேரத்தில்தான் ஆபத்து கூடும். அடிவாங்குகிறவருக்கு அந்த வாக்கியம் இன்னோர் அடி. பாதுகாப்பு முதலில். தேர்வு, பொறுப்பு எல்லாம் பிறகு பேசலாம்.

கீர்க்ககார்ட், ஹைடெகர்

இருத்தலியலின் இந்தத் தத்துவவாதிகளெல்லாம் செஷனுக்கு வெளியே.

எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது

தெரபியில் மாற்றம் வர உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் சொன்ன ஆறு நிபந்தனைகளில், நிபந்தனையற்ற மதிப்போடு (கிளையன்ட்டை அப்படியே ஏற்பதோடு) தெரபிஸ்ட் பாசாங்கில்லாமல் இருப்பதும் சேர்த்தி. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள்.

மௌனத்தைக் கண்டு பயப்படுவது

அந்தப் பயிற்சி தெரபிஸ்ட் அடுத்த முறை வேறொரு பதிவோடு வந்தார். அதே கிளையன்ட். பதினோரு விநாடி ஒன்றுமே கேட்கவில்லை, எண்ணிப் பார்த்தேன். நடுவில் இவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். பிறகு அந்தக் குரல் சொன்னது: "அப்பா தினமும் ஐந்தரைக்கு ஷேவ் பண்ணுவார். வாஷ்பேசினில் ரேசரைத் தட்டுகிற சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன்."