லெந்து நாட்கள்: கறியை நிறுத்துவதற்கு முந்தின வாரம் செய்ய வேண்டியவை

லெந்து என்னும் தவக்காலம் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை 46 நாள். 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. நம் வீடுகள் பலவற்றில் ஞாயிறையும் சேர்த்தே கறி, மீனை நிறுத்திவிடுவார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் லெந்தில் சுலபமான பகுதியும் அதுதான். உபவாச நாளிலேயே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறீர்கள், வழக்காடுகிறீர்கள் என்று வேதாகமத்தில் ஏசாயா 58 குற்றம் சாட்டுவது, கறியை விட்டுவிட்டுக் கூலி பாக்கியையும் பகையையும் அப்படியே வைத்திருக்கிறவர்களுக்கும் பொருந்தும். அதனால் சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே தொடங்குங்கள்.

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். உங்களை நோகடித்தவர்கள் பெயர் வேண்டாம்; அந்தப் பட்டியலுக்கு முடிவே இராது. மத்தேயு 5:23-24 கேட்பது, உங்கள்மேல் யாருக்குக் குறை இருக்கிறது என்று. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாகவே வைத்துவிட்டு, முதலில் அவரிடம் போகச் சொல்கிறது. மூன்று பெயர் போதும். பத்துப் பேரை எழுதுகிறவர் பெரும்பாலும் ஒருவரிடமும் போவதில்லை.

பணம் சம்பந்தப்பட்டதை முதலில் முடியுங்கள். ஏமாற்றி வைத்துக்கொண்டதற்கு லேவியராகமம் 6:1-5 கணக்கே சொல்கிறது: முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுவேலை செய்யும் அக்காவிடம் லீவுக்குப் பிடிக்க மாட்டோம் என்று பேசிவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சலென்று வராத நாட்களுக்கு 500 ரூபாய் பிடித்திருந்தால், 600 ஆகக் கொடுங்கள். "ஜெபம் பண்ணினேன், ஆண்டவர் உணர்த்தினார்" என்ற முன்னுரை எதற்கு? "போன மாசம் பிடிச்சது தப்புக்கா, இந்தாங்க" என்றால் போதும். அந்தப் பணத்தை ஆலயக் கட்டிட நிதியில் போட்டால் கணக்குத் தீராது. தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் (கடவுளுக்கு நேர்ந்த காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததும் இதற்காகத்தான் (மாற்கு 7:9-13).

மன்னிப்புக் கேட்பதில்தான் அதிகம் சொதப்புகிறது. "நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்பது மன்னிப்பே அல்ல. தப்பு நடந்ததா என்பதையே அது சந்தேகத்தில் விடுகிறது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "அண்ணே, அப்பா அடக்கத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்களை அப்படிப் பேசினது தப்பு. மன்னிச்சுடுங்க." அங்கே நிறுத்த வேண்டும். அடுத்து "ஆனா நீங்களும்..." என்று தொடங்கினால் போன காரியம் கெட்டது. நேரில் போங்கள், தனியாகப் போங்கள். போதகரையோ சித்தப்பாவையோ முதல் தடவையே கூட்டிப் போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். அண்ணன் முகம் கொடுக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், அன்றைக்கே இளகிவிட வேண்டுமென்று இல்லை. எல்லைத் தகராறு ஓடுகிறதென்றால், வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க அது தடையல்ல. இதையெல்லாம் காட்டி, அடித்துத் துன்புறுத்துகிறவரிடமே ஒரு பெண்ணைத் திரும்பப் போகச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

இனி சாப்பாடு. எதை விடுவதென்று முடிவு செய்யும்போது, அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். நீங்கள் உபவாசம், பிள்ளைகளுக்கு மீன்குழம்பு, உங்களுக்கு மாலையில் தனிச் சமையல் என்றால் உபவாசம் இருப்பது அடுப்படியில் நிற்கிறவர்தான். காபியை விடுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே அளவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும் வரும், வாங்கிக் கட்டிக்கொள்வது வீட்டிலுள்ளவர்கள். சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பட்டினி வேண்டாம். கத்தோலிக்க ஒழுங்கில்கூட உண்ணாநோன்பு 18 முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்குத்தான், அதுவும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். கறிக்குப் பதில் காளான் பிரியாணியும் பன்னீர் பட்டர் மசாலாவும் என்றால், மாறியிருப்பது மெனு மட்டுமே.

உபவாசம் வெளியே தெரிய வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவச் சொன்னது (மத்தேயு 6:17) இன்றைக்கு, "21 நாள் உபவாசம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாமல் இருப்பது. விருந்துக்குப் போன இடத்தில் விஷயம் தெரியாமல் கறி பரிமாறினால்? கறி விலக்கான வெள்ளிக்கிழமையென்றால் கத்தோலிக்கர் திருச்சபை ஒழுங்கைக் காக்கட்டும். நீங்களாக எடுத்த தீர்மானமென்றால், பந்தியில் விளக்கவுரை கொடுத்து வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்துவதைவிட இரண்டு துண்டு சாப்பிடுவதே மேல் என்பது எங்கள் கருத்து.

மிச்சமாகும் பணத்தை அந்தந்த ஞாயிறே எடுத்து வையுங்கள். கறிக்கு வாரம் 700 ரூபாய் செலவழித்த வீட்டில் 6 ஞாயிறுக்கு 4,200 சேரும். கடைசியில் மொத்தமாக எடுக்கலாமென்று விட்டால் அது ஈஸ்டர் துணிமணியில் கரைந்துவிடும். சபையின் லெந்து காணிக்கை உறையில் வழக்கமாகப் போடுவதைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த 4,200 தெருவில் பசியோடிருக்கும் ஒரு வீட்டுக்கு அரிசியாகவோ, மருந்துக்குக் கஷ்டப்படும் சொந்தக்காரருக்கோ போகட்டும். ஏசாயா 58:7 சொந்த இரத்தத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஈஸ்டர்வரை காத்திராமல் அதற்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு மாலையே கொடுத்துவிட்டால், அவர்களும் பண்டிகைக்கு ஏதாவது வாங்குவார்கள்.