ஹைட்ரோஜெல் சென்சார்: மின்தடை மாறினாலே அது உடலின் அசைவாகாது

தோலில் ஒட்டும் அளவுக்கு மென்மையாகவும் மின்சாரத்தைக் கடத்துவதாகவும் உள்ள பாலிமர் ஹைட்ரோஜெல்லை, அதாவது நீரைத் தன்னுள் தேக்கிவைத்திருக்கும் பாலிமர் வலையை, தயாரிப்பது இன்று பல ஆய்வகங்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் அதை விரல் மூட்டில் ஒட்டி, மின்தடை ஏறி இறங்குவதைக் கண்டதும், அது முழுவதும் விரலின் அசைவுதான் என்று முடிவுகட்டுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஜெல்லின் எடையில் பெரும்பகுதி நீர். திறந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே அது காய்ந்து சுருங்கத் தொடங்கும், அளவீடும் அதோடு நகரும். இதைத் தடுக்கச் சிலிகோன் ரப்பரால் மூடினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். சிலிகோன் நீரைத் தடுக்குமே தவிர, நீராவியைத் தாராளமாக வெளியே விட்டுவிடும். பியூட்டைல் ரப்பர் இதில் எவ்வளவோ மேல். கிளிசரால் சேர்த்தால் ஈரம் தங்கும், ஆனால் அயனிகளின் ஓட்டம் மந்தமாகும். எதைச் செய்தாலும், நீட்டப்படாத இன்னொரு துண்டை அருகிலேயே வைத்து, அதன் எடையையும் மின்தடையையும் சேர்த்துக் குறித்துவர வேண்டும் என்பேன். அந்தத் துண்டிலும் அதே ஏற்றம் தெரிந்தால் அதற்கு விரல் காரணமல்ல.

உணர்திறனைக் காட்டும் கேஜ் ஃபேக்டர் (மின்தடை எத்தனை பங்கு கூடியது என்பதை நீளம் எத்தனை பங்கு கூடியது என்பதால் வகுத்தால் கிடைக்கும் எண்) பெரிதாக இருப்பதைக் கண்டு மயங்குவது அடுத்த தவறு. இழுக்கும்போது ஜெல்லின் கன அளவு ஏறத்தாழ மாறுவதில்லை. நீளம் கூடும் விகிதத்திலேயே குறுக்குப் பரப்பு குறைவதால், மின்தடை அந்த விகிதத்தின் வர்க்கமாக உயர்கிறது. இருமடங்கு நீட்டினால் மின்தடை 4 மடங்காகிறது, கேஜ் ஃபேக்டர் 3. பத்து மடங்கு நீட்டினால் கேஜ் ஃபேக்டர் 11. பொருளின் கடத்துதிறன் இம்மியும் மாறாமலே கிடைக்கும் எண்கள் இவை! மூட்டின் மேல் தோல் நீளக்கூடிய 30% அளவில் இதே கணக்கு 2.3தான் தரும். ஆகவே எந்த நீட்சியில் அளந்தோம் என்று சொல்லாத கேஜ் ஃபேக்டரை நம்பக் கூடாது.

அயனிகளால் கடத்தும் ஜெல்லைச் சாதாரண மல்டிமீட்டரின் நேர்மின்னோட்டத்தில் அளந்தால், மின்வாய்களின் அருகே அயனிகள் குவிந்து, அசைவே இல்லாதபோதும் எண் நகரும். மாறுமின்னோட்டத்தில்தான் அளக்க வேண்டும். செம்புக் கம்பியை நேரடியாகச் செருகுவதும் வேண்டாம், உப்பும் ஈரமும் அதை அரித்துவிடும்.

தோலில் படும் பொருள் என்பதால், ஜெல்லின் மூலப்பொருள்களாகச் சேர்த்து வினைபுரியாமல் எஞ்சிய அக்ரிலமைடையும் அனிலினையும் கழுவி நீக்குவதில் சிறிதும் அலட்சியம் கூடாது, இரண்டும் நச்சுப் பொருள்கள். ஆனால் அனிலினிலிருந்து உருவாகும் கடத்தும் பாலிமரான பாலிஅனிலின் அமிலச் சூழலில்தான் நன்றாகக் கடத்தும். பலமுறை தூய நீரில் கழுவினால் அந்த அமிலமும் வெளியேறி, கடத்துதிறன் சரிந்துவிடும். கழுவுவதற்கு முன் எடுத்த கடத்துதிறனை அறிக்கையில் எழுதாமல், கழுவி முடித்த ஜெல்லை மீண்டும் அளந்து அந்த எண்ணையே எழுத வேண்டும்.