கடலோரத் தொண்டு நிறுவனத்துக்கு மூன்றாண்டுத் திட்டம் போடுவது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள் நிறைய. பதிவு இருக்கும், பான் கார்டு இருக்கும், இரண்டு மூன்று களப்பணியாளர்கள் இருப்பார்கள். "உங்கள் திட்டம் என்ன?" என்று கேட்டால், கடைசியாக நிதி கேட்டு எழுதிய புரொபோசலை எடுத்து நீட்டுவார்கள். புரொபோசல் என்பது ஒரு நிதியாளரின் பணத்தில் ஒரு வருடம் செய்யப்போகும் வேலை. அந்த நிதியாளர் போன பிறகும் யாருக்காக, எந்த ஊர்களில், எந்த மாற்றத்துக்காக நிற்போம் என்று எழுதி வைப்பதுதான் மூன்றாண்டுத் திட்டம். எட்டுப் பக்கம் போதும். அதற்கு மேல் போனால் களப்பணியாளர் படிக்க மாட்டார். அவர் படிக்காத திட்டம் ஊருக்குள் நடக்காது.

விளக்கத்துக்கு ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மண்டபம் வட்டாரத்தில் 4 ஊர்கள், கடல்பாசி எடுக்கும் 120 பெண்கள், ஒரு ஒருங்கிணைப்பாளர், இரண்டு களப்பணியாளர்கள். தொகைகளும் இந்த மாதிரிக்கானவைதான். உங்கள் கணக்கை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: கடலின் காலண்டர்

பொதுவான வழிகாட்டிகள் தொலைநோக்கு, குறிக்கோள் என்று தொடங்கும். கடலோரத்தில் காலண்டரில் தொடங்குங்கள். அலுவலகத்துக்கு வருடம் ஏப்ரலில் பிறக்கிறது, ஊருக்கு அப்படி இல்லை.

பெரிய சார்ட் தாளில் 12 கட்டம் போட்டு, ஊர்ப் பெண்கள் ஆறேழு பேரை உட்கார வைத்து அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். முதல் வரிசை காற்று. வாடைக்காற்று அடிக்கும் மழை மாதங்களில் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும். பத்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு வேலையில்லாத மாதங்கள் வேறு வேறு என்பதை இந்த வரிசையே காட்டிவிடும். 4 ஊருக்கும் ஒரே பயிற்சி அட்டவணை போட்டால் பாதிப் பேர் வராமல் போவது இதனால்தான்.

இரண்டாவது வரிசை தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பங்குக் கூலிக்குப் போகும் வீடுகளில் வரவு நிற்கும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், கடன் ஏறும். சேமிப்புக் குழுவை மே மாதம் தொடங்கினால் முதல் தவணையிலேயே தடுமாறும். அதைத் தடைக்காலம் முடிந்து கைக்குக் காசு வந்த பிறகு தொடங்குங்கள்.

மூன்றாவது வரிசை நிலவு. இதைத்தான் வெளியிலிருந்து வருபவர்கள் தவறாமல் விட்டுவிடுகிறார்கள். பாசி எடுப்பவர்கள் கடல் நன்றாக வற்றும் நாட்களில்தான் இறங்குவார்கள். மாதம் 12 நாள்தான், அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6 என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கும் ஊர்கள் இங்கே உண்டு. அந்த நாட்களில் கூட்டம் வைத்தால், வருகிறவருக்கு அன்றைய வருமானம் போச்சு. அஷ்டமி, நவமியை ஒட்டி வையுங்கள். வற்றம் குறைவான நாட்கள் என்பதால் வீட்டில் இருப்பார்கள். ஜும்மா, ஞாயிறு பூசை, கோயில் கொடை, கந்தூரி இவற்றையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: தனித்தனியாகக் கேட்பது

ஊர்க்கூட்டத்தில் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: லோன். நான்கு பேர் முன்னால் வேறு சிக்கலைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பாசி வாங்கும் ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்கியவர், அந்த ஏஜென்ட்டின் தம்பி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் எடைக் குறைவைப் பற்றிப் பேசுவாரா?

ஊருக்கு 10 வீடு, மொத்தம் 40 வீடு போங்கள். கணவரை இழந்தவர்கள், வயதானவர்கள், குழுவில் சேராதவர்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கேள்விகள் மூன்று போதும். போன வருடம் எந்த மாதம் மிகவும் கஷ்டமாக இருந்தது? அப்போது யாரிடம், என்ன வட்டிக்கு வாங்கினீர்கள்? பாசியை யாரிடம் போடுகிறீர்கள், விலையை யார் சொல்கிறார்? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். "மரிக்கொழுந்துக்கு ஒரு விலை, கட்டக்கோரைக்கு ஒரு விலை, ஈரம் என்று சொல்லிக் கழிப்பது தனி" என்று பாசி வகைகளின் பெயரோடு ஒருவர் சொன்னால் அப்படியே நோட்டில் ஏற வேண்டும். "சந்தைப்படுத்தலில் சவால்கள்" என்று மாற்றி எழுதிய நிமிடமே எடைபோடும் இடத்தில் நடப்பது மறைந்துவிடும்.

ஊர்த்தலைவர், வனத்துறை, மீன்வளத்துறை, மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் ஆகியோரிடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். பேசாமல் திட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் கப்பாபைக்கஸ் பாசி. மூங்கில் மிதவையில் வளர்த்தால் 45 நாளில் அறுவடைக்கு வரும் என்பதால் எல்லோருக்கும் அதில் ஆசை. ஆனால் அது வெளிநாட்டு இனம். குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் பரவியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. தென்கடல் ஊருக்கு "50 மிதவை" என்று இலக்கு எழுதி நிதியும் வாங்கிய பிறகு அனுமதி இல்லை என்று தெரிந்தால், பணத்தைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: எதை விடுவது

மனசுக்குக் கஷ்டமான படி. ஆனால் இதைச் செய்யாத திட்டம் வெறும் ஆசைப் பட்டியல்.

இப்போது செய்யும் வேலைகளை எல்லாம் அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள்: தையல் பயிற்சி, மாலை வகுப்பு, பனை விதை நடுதல், மருத்துவ முகாம், சேமிப்புக் குழு, பாசி விற்பனை. ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி. நாம் நிறுத்தினால் வேறு யாராவது செய்வார்களா? இதைச் செய்யத் தெரிந்த ஆள் நம்மிடம் இருக்கிறாரா? 40 வீட்டில் கேட்டதில் இந்தச் சிக்கல் வந்ததா? சாதகமான பதில் என்பது முதல் கேள்விக்கு 'இல்லை', மற்ற இரண்டுக்கும் 'ஆம்'; மூன்றில் இரண்டுக்காவது அது இல்லாத வேலையை விடுங்கள். மருத்துவ முகாமை ஆரம்ப சுகாதார நிலையம் நடத்துகிறது என்றால் தகவல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். 3 ஊழியர்களுக்கு இரண்டு வேலை, அதிகம் போனால் மூன்று. விடும் வேலைக்கு கடைசித் தேதி குறித்து, ஊருக்கு மூன்று மாதம் முன்பே நேரில் சொல்லுங்கள். சொல்லாமல் நின்றுபோன மாலை வகுப்பு அந்த ஊரில் உங்கள் பேரைப் பல வருடத்துக்குக் கெடுக்கும்.

நான்காம் படி: ஒரே வாக்கியத்தில் இலக்கு

"பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்" என்பதை அளக்க முடியாது. இப்படி எழுதுங்கள்: "மூன்றாம் ஆண்டு முடிவில், 4 ஊர்களில் பாசி எடுக்கும் 120 பெண்களில் 80 பேர், தங்கள் குழுவின் தராசில் எடை போட்டு, முன்பணக் கடன் இல்லாமல் பாசி விற்பார்கள்." யார், எத்தனை பேர், எங்கே, எப்போது, என்ன மாறியிருக்கும் என்று ஐந்தும் இதில் இருக்கிறது.

அளவுகோலும் இந்த வாக்கியத்திலிருந்தே வர வேண்டும். "6 பயிற்சி நடத்தினோம்" என்பது நாம் செய்த வேலை. எத்தனை பேர் ஏஜென்ட் கடனை அடைத்தார்கள், குழுத் தராசுக்கும் ஏஜென்ட் தராசுக்கும் மூட்டைக்கு எத்தனை கிலோ வித்தியாசம் என்பதுதான் மாற்றம். வேலை தொடங்கும் முன்பே முதல் அளவை எடுத்துவிடுங்கள். இன்றைய நிலை நோட்டில் இல்லாவிட்டால் மூன்று வருடம் கழித்து எதோடு ஒப்பிடுவீர்கள்?

ஐந்தாம் படி: பணம்

மாதிரி நிறுவனத்தின் ஒரு வருடச் செலவு: ஒருங்கிணைப்பாளர் மாதம் 22,000 ரூபாய், களப்பணியாளர் இருவருக்கும் தலா 15,000; ஆக வருடத்துக்கு 6,24,000. வாடகை, கரண்ட், போன் மாதம் 8,000 வீதம் 96,000. பயணம் மாதம் 6,000 வீதம் 72,000. பயிற்சி, தராசு 1,20,000. கூட்டச் செலவு 48,000. கணக்கு, தணிக்கை 40,000. மொத்தம் 10,00,000.

வரவை மூன்றாகப் பிரியுங்கள். கையெழுத்தான நிதி ஒன்று, பேச்சில் இருக்கும் நிதி இன்னொன்று, விண்ணப்பிக்க நினைக்கும் நிதி மூன்றாவது. சம்பளத்தை முதல் வகையிலிருந்து மட்டும் ஒதுக்குங்கள். இங்கே மூடிப்போகும் சின்ன நிறுவனங்களில் பல, இரண்டாம் வகைப் பணத்தை நம்பி ஆள் எடுத்தவைதான். ஒரே நிதியாளர் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தருகிறார் என்றால் அதையே முதல் ஆபத்தாகத் திட்டத்தில் எழுதுங்கள். மூன்று மாதச் சம்பளம், வாடகை, பயணம் சேர்ந்தால் 1,98,000 ரூபாய். அந்த அளவுக்குக் கையிருப்பு சேர்ப்பதை மூன்றாண்டு இலக்காக வையுங்கள். வரிவிலக்குப் பதிவு உள்ள நிறுவனம் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டிலேயே நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பதால், கையிருப்பை எப்படிச் சேர்ப்பது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம் திட்டத்தையே மாற்றும். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது. நிர்வாகச் செலவும் அந்த நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே பெரிய நிறுவனத்தின் வெளிநாட்டு நிதி நம் வழியாக ஓடும் என்று எழுதாதீர்கள். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் வேலை செய்ய, சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவும், பொதுவாக மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். புது நிறுவனம் முதல் வருட வரவில் அதைச் சேர்க்க வேண்டாம்.

ஆறாம் படி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை நாள் உட்காருங்கள். ஒரு பக்கத் தாளில் நான்கு பத்தி: என்ன சொன்னோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்து யார் என்ன செய்வார். கடைசிப் பத்தியில் ஆள் பெயரும் தேதியும் இல்லாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள். ஊருக்கு ஒருவராக 4 பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். அன்றைய கூலியைக் கணக்கிட்டுக் கொடுங்கள், பட்ஜெட்டில் கூட்டச் செலவு என்று வைத்தது அதற்கும் சேர்த்துத்தான்.

புயல், இலங்கைக் கடற்படை படகு பிடிப்பது, அதைத் தொடர்ந்த வேலைநிறுத்தம் இவையெல்லாம் இங்கே வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். அப்படி ஒரு மாதம் போனால் கால அட்டவணையை மாற்றலாம், அந்தக் காலத்து வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இலக்கு வாக்கியத்தை மாற்றுவதானால் மட்டும் போர்டு கூடி, காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருத்திய பக்கத்தின் ஒரு பிரதி, பெரிய எழுத்தில், 4 ஊரிலும் தராசு இருக்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும்.