ஏ-லெவல் பிரெஞ்சு: வாய்மொழித் தேர்வுக்கு ஆய்வுத் தலைப்பைத் தயார்செய்யும் முறை

இங்கிலாந்தின் ஏக்யூஏ தேர்வு வாரியம் நடத்தும் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) பிரெஞ்சில் வாய்மொழித் தேர்வின் பங்கு 30 விழுக்காடு. அதற்கான 60 மதிப்பெண்ணில் 35, மாணவர் தானே தேர்ந்தெடுத்து ஆராய்ந்த தலைப்புக்குப் போகிறது. இந்தப் பகுதியில் முதலில் 2 நிமிட உரை, பிறகு 9 முதல் 10 நிமிடம் கேள்வி-பதில். உரைக்கு 5 மதிப்பெண்தான். மீதி 30 கேள்வி-பதிலுக்கு. பலர் உரையை மட்டும் மெருகேற்றிவிட்டுக் கேள்வியில் கோட்டைவிடுகிறார்கள்.

தலைப்பு பிரெஞ்சு பேசும் நாட்டையோ சமூகத்தையோ சார்ந்திருக்க வேண்டும். வகுப்பில் படிக்கும் நூலும் படமும் கூடாது. 'பிரான்சில் குடியேறியோர்' என்றால் கடல். எங்கிருந்தும் கேள்வி வரும். அதைக் கேள்வியாகச் சுருக்குங்கள்: 'பாரிஸின் லா ஷபேல் பகுதி, இலங்கைத் தமிழர் பிரெஞ்சுச் சமூகத்தோடு கலக்க உதவுகிறதா, தடையாகிறதா?' கடைத்தெரு, ஆண்டுதோறும் நடக்கும் விநாயகர் தேர், பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு என்று கையில் பிடிக்கச் செய்திகள் உண்டு. இரு பக்கத்துக்கும் மூன்று மூன்று சான்றுகள் பிரெஞ்சு மொழி மூலங்களிலேயே கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் தலைப்பை மாற்றிவிடுவது நல்லது.

இந்தத் தலைப்பில் ஒரு பொறி இருக்கிறது. 'பிரான்சில் எத்தனை தமிழர்?' என்பதற்கு அரசின் கணக்கு கிடையாது. இனவாரியாகத் தரவு திரட்டுவதை 1978ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அரசியலமைப்பு மன்றமும் 2007இல் இனவாரிக் கணக்கெடுப்புக்கு இடம் தரவில்லை. புள்ளியியல் நிறுவனமான இன்சே, பிறந்த நாட்டையும் குடியுரிமையையும்தான் பார்க்கிறது. ஆகவே இலங்கையிலிருந்து வந்தவர்களில் தமிழர் யார், சிங்களவர் யார் என்பது தெரியாது. பாரிஸில் பிறந்த பிள்ளை 'குடியேறியவர்' கணக்கில் வராது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்து பிரான்சுக்குப் போனவரும் வரமாட்டார். இணையத்தில் கிடைக்கும் எண்களெல்லாம் மதிப்பீடுகளே. 'ஓன் எஸ்தீம் க' (மதிப்பிடப்படுவது என்னவென்றால்) என்று தொடங்கிச் சொல்லுங்கள். எண்ணாமல் விடுவதே குடியரசின் கொள்கை, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று விளக்கினால் அதுவே உங்கள் சிறந்த பதிலாகிவிடும். பண்பாட்டு அறிவுக்கான மதிப்பெண் இப்படிப்பட்ட இடத்தில்தான் விழுகிறது.

அடுத்து கேள்விகள். ஒவ்வொரு உட்தலைப்புக்கும் நான்கு போதும்: ஏன், எதோடு ஒப்பிடலாம், விளைவு என்ன, உங்கள் கருத்து என்ன. பதிலை முழு வாக்கியமாக எழுதி வைக்காதீர்கள்; அட்டையில் ஐந்து சொல், அவ்வளவே. மனப்பாடம் செய்த பதிலில் வேகம் கூடும், குரல் தட்டையாகும். தேர்வாளர் நடுவில் 'பூர்குவா?' (ஏன்?) என்று வெட்டினால் அப்புறம் ஒரு வார்த்தை வராது. பதிலைக் கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள்.

இலக்கணத்தில், தமிழ் பேசுகிறவர்கள் குறிப்பாகத் தவறும் ஓரிடம் உண்டு. நமக்கு 'அவர்களுக்கு உதவுகிறது', 'அவர்களுக்கு அனுமதி தருகிறது' இரண்டிலும் 'கு' வருவதால், இரண்டுக்கும் 'லர்' போட்டுவிடுகிறோம். பிரெஞ்சில் 'சா லெ ஸெத்' (உதவுகிறது), ஆனால் 'சா லர் பெர்மே' (அனுமதி தருகிறது). மேலே சொன்ன தலைப்பில் இந்த இரண்டு வினையும் திரும்பத் திரும்ப வரும். 'சி' ('ஆல்' என்ற நிபந்தனைச் சொல்) வந்த பகுதியில் கோந்திசியோனெல் (நிபந்தனை வினைவடிவம்) போடுவது இன்னொரு பழைய பிழை: அங்கே ஆம்பர்ஃபே (ஒரு இறந்தகால வடிவம்), அடுத்த பகுதியில்தான் கோந்திசியோனெல். 'பியேன் க' (இருந்தாலும்) என்றால் சப்ஜோங்க்தீஃப் என்ற வினைவடிவம்.

மூக்கொலிக்கு அஞ்ச வேண்டாம். பேச்சுத் தமிழில் 'மரம்', 'அவன்' என்று சொல்லும்போது கடைசி மெய் தேய்ந்து மூக்கில் ஒலிக்கிறதே, அதே உத்திதான். 70 முதல் 99 வரையிலான எண்களில்தான் வாய் தடுமாறும். உங்கள் தலைப்பில் வரும் ஆண்டுகளைத் தினமும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

தேர்வறையில் தரும் 5 நிமிடத் தயாரிப்பு நேரம், ஆய்வுத் தலைப்புக்கு முன் வரும் முதல் பகுதியில் கொடுக்கும் கேள்விக் கார்டுக்கு மட்டுமே. ஆய்வுத் தலைப்பை அதற்குள் புரட்டிப் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.